காட்டுத்தீயைக் கேமரா காணும், அணைப்பது யார்?

(காடுகளின் பாதுகாப்பும் மக்களின் உரிமையும் குறித்து நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்தியக் காடுகளில் தீப்பிடிப்பது புதிய செய்தி அன்று. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் தொடங்கி, பருவமழை இறங்கும் வரை காடுகள் எரிகின்றன. நாட்டின் காட்டுப் பரப்பில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி அடிக்கடி தீப்பிடிக்கும் அபாயத்தில் இருப்பதாக, டேராடூனில் இயங்கும் இந்திய வன அளவைத் துறை 2019 அறிக்கையில் கூறியது. அதே துறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2023 நவம்பர் முதல் 2024 ஜூன் வரையிலான தீக்காலத்தில் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த தீப்புள்ளிகள் 2,03,544. அவற்றில் 21,033 புள்ளிகளுடன் முதலிடத்தில் நின்றது உத்தராகண்ட். அடுத்தடுத்த இடங்களில் ஒடிசாவும் சத்தீஸ்கரும் இருந்தன. மூன்றுமே மலைவாழ் மக்களும் ஆதிவாசிகளும் சிறு விவசாயிகளும் காட்டை நம்பி வாழும் மாநிலங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இச்சூழலில் ஒரு புதிய தீர்வு முன்வைக்கப்படுகிறது. உயர்ந்த கோபுரங்களில் கேமராக்களை நிறுவி, அவற்றைக் கம்பியில்லாத் தொடர்பால் இணைத்து, செயற்கை நுண்ணறிவின் துணையோடு புகை எழுந்த சில நிமிடங்களிலேயே தீயைக் கண்டறிவது என்பதே அது. இத்தொழில்நுட்பத்தை வரவேற்பதா, ஐயுறுவதா? அறிவியலை வரவேற்பவர்கள் இடதுசாரிகள். ஆனால் எந்தக் கருவியையும் அது யார் கையில் இருக்கிறது, யாரை நோக்கித் திருப்பப்படுகிறது, யாருடைய உழைப்பின் மேல் நிற்கிறது என்ற கேள்விகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தப்புவது

2004 முதல் இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்காணித்து வருகிறது. டெர்ரா, அக்வா ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற உணர்கருவி தரும் தரவே தொடக்கத்தில் பயன்பட்டது. அதன் ஒரு படப்புள்ளி தரையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பரப்பைக் குறிக்கும். பின்னர் சேர்க்கப்பட்ட விர்ஸ் உணர்கருவி 375 மீட்டர் அளவுக்கு நுணுக்கமாகக் காணும். எங்கே தீ தென்படுகிறதோ அந்தப் பகுதியின் வனத்துறையினருக்கும், பதிவு செய்துகொண்ட பொதுமக்களுக்கும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. பொதுத்துறை நிறுவனம் ஒன்று கட்டி எழுப்பிய நல்ல ஏற்பாடு இது.

ஆனால் இதற்கு எல்லை உண்டு. இச்செயற்கைக்கோள்களில் ஒவ்வொன்றும் ஓர் இடத்தின் மேல் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்றே பொதுவாகக் கடந்து செல்லும். அது கடந்து சென்ற ஒரு மணி நேரத்திற்குப் பின் மூண்ட தீ, அடுத்த செயற்கைக்கோள் வரும்வரை வானத்திற்குத் தெரியாது. மேகம் மறைத்தாலும் தெரியாது. இந்தியக் காட்டுத்தீயில் பெரும்பகுதி மரத்தின் உச்சியில் எரிவதன்று. தரையில் கிடக்கும் சருகிலும் புல்லிலும் ஊர்ந்து செல்வது. மரக்கூரைக்குக் கீழே சிறிதாக ஊரும் அத்தீயின் வெப்பம் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தெரிவதற்குள் அது பெரிதாகிவிடுகிறது. பூமியோடு சேர்ந்து சுழலும் இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை படம் தரவல்லவை; ஆனால் அவற்றின் வெப்பப் படப்புள்ளி நான்கு கிலோமீட்டர் அகலமுடையது. சிறிய தீ அதற்குள் கரைந்துபோகும்.

காட்டுத்தீயில் முதல் ஒரு மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, சரிவு பத்துப் பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் கொள்ளும் என்பது தீயணைப்போர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. முதல் அரை மணியில் நான்கு பேர் பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்கக்கூடிய தீ, மூன்று மணி நேரத்திற்குப் பின் நானூறு பேருக்கும் அடங்காது. ஆகவே தீயை விரைந்து காண்பது உயிர்ப் பிரச்சனை.

கோபுரத்தில் ஒரு கண்

கேமரா வலைப்பின்னல் இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. குன்றின் உச்சியில் ஒரு கோபுரம். அதன் மேல் எல்லாத் திசைகளிலும் சுழலவும் தொலைவில் உள்ளதை அருகாக்கிக் காட்டவும் வல்ல கேமரா. பக்கத்தில் சூரியத் தகடும் மின்கலமும். கம்பி இழுக்க முடியாத காட்டில், படங்கள் வானலை வழியாக ஒரு கோபுரத்திலிருந்து மற்றொரு கோபுரத்திற்குத் தாவித் தாவிக் கட்டுப்பாட்டு அறையை அடைகின்றன. இதற்கு இரு கோபுரங்களும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கக்கூடிய இடங்களில் அமைய வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் உள்ள கணினி, முந்தைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, புகை போன்ற ஒன்று தோன்றினால் எச்சரிக்கிறது. ஒரு கேமரா புகை எழும் திசையை மட்டுமே சொல்லும். இரண்டு கேமராக்கள் இருவேறு இடங்களிலிருந்து அதே புகையைக் கண்டால், இரு திசைக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் தீ இருக்கிறது என்று வரைபடத்தில் குறித்துவிடலாம்.

இம்முறையின் முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் சான் டியாகோ பகுதியில் உருவானது. 2000ஆம் ஆண்டில், அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பொது நிதியில், கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலையுச்சிகளை இணைக்கும் கம்பியில்லா வலைப்பின்னல் ஒன்றை அமைத்தனர். நிலநடுக்க ஆய்வு நிலையங்கள், வானாய்வு மையம், தீயணைப்பு நிலையங்கள் ஆகியவற்றோடு, தனியார் நிறுவனங்கள் எட்டிப்பாராத பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளுக்கும் அதே வலைப்பின்னல் இணையத்தைக் கொண்டு சென்றது. மலையுச்சிக் கேமராக்கள் காட்டும் படங்கள் எவரும் பார்க்கும்படி திறந்து வைக்கப்பட்டன. இன்று அம்மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்கள் இயங்குகின்றன. சந்தை செய்யாததைப் பொது நிதியும் பல்கலைக்கழகமும் செய்தன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியாவிலும் தொடக்கம் நடந்திருக்கிறது. மகாராஷ்டிராவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தில் 2024இல் இத்தகைய அமைப்பு நிறுவப்பட்டது. 15 கிலோமீட்டர் தொலைவு வரை காணும் கேமரா, புகை எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் எச்சரிக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் மென்பொருள் பிரேசில் நாட்டு நிறுவனத்துடையது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 15 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். உத்தராகண்டின் காட்டுப் பரப்பு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர். தட்டையான நிலமாக இருந்தால் முப்பத்தைந்து கோபுரங்கள் போதும் என்று தாளில் எழுதிவிடலாம். ஆனால் இமயமலை தட்டையன்று. ஒரு முகட்டுக்குப் பின்னால் மற்றொரு முகடு. நடுவே ஆழ்ந்த பள்ளத்தாக்குகள். கேமராவின் பார்வையையும் வானலையையும் மலையே மறித்து நிற்கும். ஆகவே தேவை பல மடங்காகும். மூடுபனி, மேகம், சாலைப்புழுதி, வீட்டு அடுப்பின் புகை ஆகியவற்றைத் தீயென்று கணினி பிழையாக எண்ணும் தொல்லையும் உண்டு. ஐந்து பொய் எச்சரிக்கைகளுக்கு மலையேறி இறங்கியவர்கள் ஆறாவது எச்சரிக்கைக்கு எப்படி ஓடுவார்கள்? அந்தந்த நிலத்தின் பனியையும் புகையையும் கணினிக்குக் கற்றுத்தர, அந்தந்த நிலத்தின் படங்களும் அவற்றைப் படித்தறிந்த உள்ளூர் மனிதர்களும் வேண்டும். வெளிநாட்டு மென்பொருளை வாங்கி மாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது.

இவை தீர்க்க முடியாத சிக்கல்கள் அல்ல. உண்மையான சிக்கல் அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

எச்சரிக்கைக்கும் தீக்கும் நடுவே நிற்பவர்

கேமரா தீயைக் காணும், அணைக்காது. எச்சரிக்கை மணி ஒலித்த பின் மலையேறிச் செல்பவர் ஒரு மனிதர். அவர் யார்?

உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை தீக்காலம். அந்த நான்கு மாதங்களுக்கு மட்டும் 'தீக்காவலர்' என்ற பெயரில் உள்ளூர் இளைஞர்கள் அமர்த்தப்படுகிறார்கள். பருவம் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும். பணி நிரந்தரம் இல்லை. ஆண்டு முழுவதும் ஊதியம் இல்லை. பச்சைக் கிளையும் இரும்பு வாரியும் சில இடங்களில் இலையூதும் எந்திரமுமே அவர்களது ஆயுதங்கள். தீயைத் தாங்கும் உடையும் முகக்கவசமும் பலருக்கு எட்டாப் பொருள்களாகவே இருந்து வந்தன.

2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்தின் பின்சர் வனவிலங்குச் சரணாலயத்தில் தீ மூண்டபோது, எட்டுப் பேர் ஒரு வாகனத்தில் விரைந்தனர். வனக்காவலர், தீக்காவலர், ஊர்க்காவல் பணியாளர், நாட்கூலி, ஓட்டுநர் என்று கலந்த குழு அது. வாகனத்திலிருந்து இறங்கியதும் பலத்த காற்று வீசி, தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. நால்வர் அங்கேயே மாண்டனர். கடுமையாக எரியுண்ட மற்றவர்கள் சிகிச்சைக்காகத் தில்லி வரை கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிலும் உயிரிழப்பு நேர்ந்தது. அங்கே தீ இருப்பது தெரியாமல் போகவில்லை. தெரிந்துதான் சென்றார்கள். காற்று எப்போது திசை மாறும் என்ற தகவலும், உடலைக் காக்கும் உடையும், பின்வாங்கும் வழியைத் திட்டமிடும் பயிற்சியும் இருந்தனவா என்பதே கேள்வி.

2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற மூன்று வனக் காவலர்கள் இறந்தனர். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றத்திற்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீக்கிரையானதைத் தமிழக மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2024 மே மாதத்தில் உத்தராகண்ட் தீ குறித்த வழக்கு உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. வனத்துறையில் நிரப்பப்படாத பணியிடங்கள், தீக்காலத்தில் வனப் பணியாளர்களைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது, நிதியை முறையாகப் பயன்படுத்தாதது ஆகியவற்றுக்காக மாநில அரசை நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2025 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையரின் அறிக்கை மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. அழிக்கப்பட்ட காட்டுக்கு ஈடாக மரம் வளர்ப்பதற்கென ஒதுக்கப்பட்ட நிதியில் 13.86 கோடி ரூபாய் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டிருந்தது. ஐபோன்களும் மடிக்கணினிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் வாங்கியது அதில் அடங்கும். பணம் இல்லை என்பது பொய். அது தீக்காவலரின் உடைக்கு வரவில்லை என்பதே மெய்.

செறிவான கேமரா வலைப்பின்னலைக் கொண்ட கலிபோர்னியாவில்தான் 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஓரப் பகுதிகள் எரிந்தன. கேமராக்கள் எல்லாவற்றையும் கண்டன. ஆனாலும் பதினாறாயிரம் அளவில் கட்டடங்கள் அழிந்தன. அங்கே தீயணைக்கும் களத்தில் இறக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஆயிரம் பேர் சிறைக் கைதிகள். ஒரு நாள் உழைப்புக்கு அவர்கள் பெற்ற கூலி மிகச் சொற்பமே. கருவி உயர்தரமானது; உழைப்பு மலிவானது. முதலாளித்துவம் எந்நாட்டிலும் இந்தக் கணக்கையே விரும்புகிறது.

கேமரா யாரைப் பார்க்கிறது?

தீயைக் காணும் கேமரா மனிதரையும் காணும். இது வெறும் அச்சமன்று, நடந்த அனுபவம். உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் வனவிலங்குகளைக் கணக்கிட வைக்கப்பட்ட தானியங்கிக் கேமராக்களும் டிரோன்களும் எவ்வாறு பயன்படுத்தப்பட்டன என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் பதினான்கு மாதங்கள் கள ஆய்வு செய்து, 2024 நவம்பரில் வெளியிட்டார். விறகும் புல்லும் மூலிகையும் சேகரிக்கக் காட்டுக்குள் சென்ற பெண்களை அச்சுறுத்த டிரோன்கள் அவர்களது தலைக்கு மேல் பறக்கவிடப்பட்டன. இயற்கைக் கடன் கழிக்கச் சென்ற ஒரு பெண்ணின் படம் கேமராவில் பதிவாகி, சமூக ஊடகக் குழுக்களில் பரப்பப்பட்டது. கொதித்தெழுந்த ஊரார் கேமராக்களை உடைத்தெறிந்தனர்.

அந்த ஆய்வு மற்றொரு நுட்பமான உண்மையையும் சொல்கிறது. குடும்பத்தின் கெடுபிடிகளிலிருந்து விலகி, மனம் திறந்து பேசவும் பாடவும் அப்பெண்களுக்குக் கிடைத்த இடம் காடு. யானையும் புலியும் விலகிப் போகட்டும் என்பதற்காகவும் அவர்கள் உரக்கப் பேசியும் பாடியும் நடப்பார்கள். கேமரா வந்த பின் அவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டனர். பழக்கமில்லாத பாதைகளில் ஒதுங்கினர். காட்டைக் காக்க வந்த கருவி, காட்டோடு வாழும் பெண்ணின் உயிர்ப் பாதுகாப்பைக் குறைத்துவிட்டது.

இத்தகைய தீங்கு தவிர்க்க முடியாததன்று. புகையைக் காண்பதற்கு மனித முகம் தெரியும் அளவு நுணுக்கமான படம் தேவையில்லை. ஊர், ஓடைக்கரை, பாதை ஆகியவை விழும் பகுதிகளை மென்பொருளிலேயே மறைத்துவிடலாம். புகை இல்லாத படங்களைச் சேமிக்காமல் அழித்துவிடலாம். எந்த இடத்தில் கோபுரம் நிறுவுவது என்பதைக் கிராம சபையின் ஒப்புதலோடு முடிவு செய்யலாம். இவை தொழில்நுட்பக் கேள்விகள் போலத் தோன்றினும் அரசியல் கேள்விகளே. இவற்றைச் செய்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

தீயின் வேர்

இந்தியாவில் இடியால் மின்னலால் மூளும் காட்டுத்தீ குறைவு. பெரும்பாலானவை மனிதச் செயலால் மூள்பவை. இதைச் சொல்லியே ஒவ்வோர் ஆண்டும் பழி கிராமத்தினர் மேல் விழுகிறது. 2024இல் உத்தராகண்டில் மட்டும் நூற்றுக்கணக்கான வழக்குகள் பதிவாயின. இலுப்பைப்பூ பொறுக்குவதற்காக மரத்தடிச் சருகைக் கொளுத்துவது, புதுப்புல் முளைக்கப் பழம்புல்லை எரிப்பது, வயலில் வைத்த தீ காட்டுக்குள் பரவுவது ஆகியவை உண்மையே. ஆனால் அது முழு உண்மையாகாது.

மலைச்சரிவுகளில் வளரும் சீர் வகைப் பைன் மரத்தின் ஊசியிலைகள் பிசின் நிறைந்தவை. கோடையில் மெத்தை போல் தரையை மூடி, ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. தண்டவாளக் கட்டைக்காகவும் பிசினுக்காகவும் பிரிட்டிஷ் வனத்துறை அம்மரத்திற்கே முதன்மை தந்தது. 1878, 1927 ஆண்டுகளின் வனச்சட்டங்கள் மக்களை அவர்களது காட்டிலேயே அத்துமீறுபவர்களாக்கின. 1921இல் குமாவுன் மலைமக்கள் கட்டாய ஊழியத்தை எதிர்த்து எழுந்தபோது, அரசின் பைன் காடுகளுக்குத் தீ வைத்தனர். தங்கள் வாழ்வுக்கு ஆதாரமான அகன்ற இலை மரக்காடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. தீ வைத்தவர்கள் காட்டின் பகைவர்கள் அல்லர். தங்களை வெளியேற்றிய ஆட்சியின் பகைவர்கள். அப்போராட்டத்தின் விளைவாகவே 1931இல் வனப் பஞ்சாயத்துகள் சட்ட வடிவம் பெற்றன. இன்றும் உத்தராகண்டில் 11,000க்கும் மேற்பட்ட வனப் பஞ்சாயத்துகள் உள்ளன. ஆனால் அதிகாரமும் நிதியும் வனத்துறையின் கையிலேயே தங்கிவிட்டன.

காடு தன்னுடையது என்று எண்ணும் ஊர், புகை கண்டதும் ஓடிவரும். காடு அரசுடையது, தான் நுழைந்தால் குற்றம் என்று எண்ணும் ஊர், வேடிக்கை பார்த்து நிற்கும். எந்தக் கேமராவும் இவ்வேறுபாட்டை ஈடுகட்டாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் பேணவும் கிராம சபைக்கு உரிமை அளித்தது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா கிராமம் அவ்வுரிமையை முதலில் வென்றெடுத்த ஊர்களில் ஒன்று. உத்தராகண்டிலோ இச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உரிமைகள் மிகச் சில. மாறாக, 2023இல் கொண்டுவரப்பட்ட வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், நாட்டின் எல்லையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற திட்டங்களுக்கு வன அனுமதி தேவையில்லை என்று விலக்களித்தது. ஊரார் கொளுத்தும் சருகுக்கு வழக்கு. பெருந்திட்டங்கள் விழுங்கும் காட்டுக்கு விலக்கு.

2024 மே மாதத்தில் தீயின் நடுவே, பைன் சருகைச் சேகரித்துத் தருவோருக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் வழங்கப்படும் என்று மாநில அரசு அறிவித்தது. அதற்கு முன் இருந்த விலை மூன்று ரூபாய். சருகை அகற்றுவதே தீயைத் தடுக்கும் முதல் வழி என்பதையும், அதைச் செய்யக்கூடியவர்கள் கிராமப் பெண்களே என்பதையும் அந்த அறிவிப்பு ஒப்புக்கொண்டது. தீ எரியும்போது அறிவிக்கும் விலை, தீக்காலத்திற்கு முன்னரே உறுதியான கொள்முதலாக மாற வேண்டும்.

என்ன கோர வேண்டும்?

கேமரா வலைப்பின்னலை எதிர்ப்பது அறியாமை. அதுவே தீர்வு என்று நம்புவது அதைவிடப் பெரிய அறியாமை. ஆகவே உழைக்கும் மக்களின் பக்கம் நிற்போர் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

முதலாவது, தீக்கண்காணிப்பு வலைப்பின்னல் பொது நிதியில், பொதுத்துறை நிறுவனங்களாலும் பல்கலைக்கழகங்களாலும் உருவாக்கப்பட வேண்டும். அதன் மென்பொருளும் தரவும் நாட்டு மக்களின் உடைமையாக இருக்க வேண்டும். ஆண்டுக்காண்டு தனியாருக்குச் சந்தா கட்டும் ஏற்பாடாக ஆகக்கூடாது. அதே கோபுரங்கள் மலைக்கிராமங்களின் பள்ளிக்கும் சுகாதார நிலையத்திற்கும் இணையத் தொடர்பைக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது, கேமரா அமைக்கும் இடத்திற்குக் கிராம சபையின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட வேண்டும். புகையைக் காண்பதைத் தவிர வேறு எதற்கும் படங்களைப் பயன்படுத்துவது சட்டப்படி தடை செய்யப்பட வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறையோடு நின்றுவிடாமல் வனப் பஞ்சாயத்துக்கும் மகளிர் குழுக்களுக்கும் அதே நிமிடத்தில் சென்றடைய வேண்டும்.

நான்காவது, தீக்காவலர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை, நிரந்தரப் பணி, தீத்தாங்கும் உடை, பயிற்சி, காப்பீடு, உயிரிழந்தோர் குடும்பத்திற்கு வேலையும் இழப்பீடும் உறுதி செய்யப்பட வேண்டும். தீக்காலம் அல்லாத மாதங்களில் தீத்தடுப்புக் கோடுகளைச் சீரமைக்கவும், நீர்க்குட்டைகள் வெட்டவும், அகன்ற இலை மரங்களை நடவும் வேலை நிறையவே இருக்கிறது.

ஐந்தாவது, வனத்துறையின் காலிப் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். வன உரிமைச் சட்டம் முழுமையாகச் செயல்படுத்தப்பட வேண்டும்.

தோழர்களே, மூன்று நிமிடங்களில் புகையைக் கண்டறியும் அறிவை மனிதகுலம் பெற்றிருக்கிறது. அந்த மூன்று நிமிடங்களுக்குப் பின் என்ன நடக்கும் என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. தீயை நோக்கி ஓடுபவருக்கு உரிமையும் ஊதியமும் பாதுகாப்பும் இருந்தால் காடு பிழைக்கும், அவரும் பிழைப்பார். அந்த உரிமைக்கான போராட்டத்தை விவசாயிகள், ஆதிவாசிகள், பெண்கள், வனத்துறை ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனைவரையும் ஒன்றிணைத்து முன்னெடுப்பதே இன்றைய கடமை.